"நம்ம மிஸ்ஸி இன்னைக்கு இருக்காங்களா?"

கிளினிக் நாளில் வைத்தியசாலை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எமது பெண்கள் கேட்கும் முதல் கேள்வி டாக்டரைப் பற்றியது அல்ல. மருந்து வந்திருக்கிறதா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். "நம்ம மிஸ்ஸி இன்னைக்கு இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறார் என்றால் முகம் தெளியும். லீவு என்றால் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

சம்பளம், வீடு, காணி என்று பெரிய விடயங்களை எழுதும் இந்தப் பக்கத்தில் ஒரு தாதியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எமது தோட்டக் கமிட்டியில் உள்ளவர்கள் நோயாளர்களோடு கிளினிக்குப் போய் வருகிறவர்கள். போன இடத்தில் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறோம். சீனி வருத்தம், பிரஷர் என்று மாதாமாதம் கிளினிக் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவருடைய கதை தெரிந்த ஒரு தாதி பெயர் குறித்து ஒதுக்கப்பட வேண்டும். நல்ல மிஸ்ஸி கிடைப்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. அது ஒரு ஏற்பாடாக இருக்க வேண்டும்.

எமது கிளையில் ஓர் அக்கா இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் கொழுந்து பறிக்கிறார். சீனியும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. கிளினிக் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ரோட்டில் நடந்து, மெயின் ரோட்டுக்கு வந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பார். இரத்தம் கொடுக்கும் வரைக்கும் சாயத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று முடிக்கும்போது பகல் ஒரு மணியாகிவிடும். பசியில் கை நடுங்கி, வாங்கிலேயே சாய்ந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். சீனிக்காரர்களுக்குப் பசி என்பது வெறும் பசி அல்ல.

அந்தக் கிளினிக்கில் மூன்று வருடம் ஒரு மிஸ்ஸி இருந்தார். சிங்களப் பிள்ளை. தமிழ் பாதிதான் வரும். ஆனால் வந்த பாதித் தமிழை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். தூரத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களின் கொப்பிகளைத் தனியாக எடுத்து, முதலில் இரத்தம் எடுக்க வைப்பார். எடுத்து முடிந்ததும், "போ அம்மா, ரொட்டி சாப்பிட்டு வா, நம்பர் நான் பாக்குறேன்" என்பார். பஸ் நேரம் தெரிந்தவர் அவர். பிற்பகல் பஸ் தவறினால் அந்த அக்கா வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. மருந்து உறையில் எழுதியிருப்பது அவருக்கு எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான். அதனால் மிஸ்ஸி உறையின் மூலையை மடித்துக் கொடுப்பார். ஒரு மூலை மடித்திருந்தால் காலை. இரண்டு மூலை மடித்திருந்தால் இரவு. மடிக்காதது, மருந்து வரும்வரை வெளியில் வாங்க வேண்டியது. இந்த மூலை மடிப்பை யாரும் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று கிளினிக் பார்த்த பிறகு, இந்த அம்மா உறையைத் தலைகீழாகப் பிடிக்கிறார் என்று கண்டுபிடித்த ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும்.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். அக்காவின் பிரஷர் குறையவே இல்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும், "மருந்து ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்பார். அக்கா ஒவ்வொரு முறையும், "ஆமாங்க ஐயா" என்பார். குளிசையின் அளவு கூடிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது உண்மை வந்தது. அவருக்குக் கொடுத்த குளிசைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் போக வைப்பது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனால் இரண்டு மூன்று முறை ஒதுங்க வேண்டும். மலையில் கழிப்பறை இல்லை. மேலே கங்காணி நிற்கிறார், கீழே மருந்தடிக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். எங்கே ஒதுங்குவது? ஆகவே வேலைக்குப் போகும் நாட்களில் அக்கா அந்தக் குளிசையைத் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவார்.

இதை ஒரு பெண், வரிசை நெருக்கும் அறையில், இரண்டு நிமிடத்தில், ஆண் டாக்டரிடம் சொல்வாரா? சொல்ல மாட்டார். நாமும் சொல்ல மாட்டோம். மிஸ்ஸி போய் டாக்டரிடம் சொன்னார். வேலை முடிந்து லயத்துக்கு வந்தபின் போடும்படி டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். பிரஷர் இறங்கியது. புது மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. (மலையில் பெண்களுக்குக் கழிப்பறை என்ற கோரிக்கையை நாம் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அது ஒரு மருந்துப் பிரச்சினையும்கூட என்று அந்த மிஸ்ஸியிடம்தான் நாம் கற்றுக்கொண்டோம்.)

ஒவ்வொரு கிளினிக்கிலும் அவர் தவறாமல் செய்த இன்னொரு வேலை, "செருப்பு கழட்டு அம்மா, கால் பாக்கணும்" என்பது. விரல் இடுக்கு, குதிகால், அட்டை கடித்த இடம் எல்லாவற்றையும் பார்ப்பார். சீனி பல வருடம் இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கொழுந்து மலையில் நாள் முழுதும் ஈரத்தில் நிற்கும் கால்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் என்றால் இடமாற்றம் வரும்தான். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்று பல வருடம் எழுதிக் கேட்டிருப்பார். கிடைத்தது, போனார். அதில் எமக்குக் குறை இல்லை. அவர் போன அன்று அவர் தலைக்குள் இருந்த எல்லாமும் அவரோடு போய்விட்டதுதான் எமது குறை. யாருக்கு மூலை மடிக்க வேண்டும், யார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிசை போடுகிறார், யாருக்குக் கால் மரத்திருக்கிறது, யாருடைய மகன் கொழும்பில் இருக்கிறான், யாருக்கு அவசரம் என்றால் தோட்டத் தலைவரின் போனுக்கு அடிக்க வேண்டும். ஒன்றும் எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதும்படி யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்து வந்தவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஒரு கிழமை ஒருவர், மறு கிழமை வேறொருவர். வாங்குகள் நிறைந்து சுவரோரமும் ஆட்கள் நிற்கும் கிளினிக்கில் இரண்டு தாதியர். பிரஷர் பார்த்து, நிறை பார்த்து, கொப்பியை அடுக்கி, பெயர் கூப்பிடுவதற்குள் பொழுது போய்விடும். அக்கா இரண்டு கிளினிக் போனார். இரண்டிலும் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. மூன்றாவது கிளினிக் கொழுந்து கூடிய மாதத்தில் வந்தது. பேர் போய்விடும் என்று போகவில்லை. முன்பு போகாமல் விட்டால் மிஸ்ஸி தலைவருக்குப் போன் பண்ணிக் கேட்பார். இப்போது யாரும் கேட்கவில்லை. தான் வராததை அங்கே யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தபின் நான்காவது கிளினிக்கையும் விட்டார்.

அது குளிர் மாதம். இரவில் அடுப்படியில் உட்கார்ந்து காலைக் காய்ச்சுவது லயத்தில் எல்லாரும் செய்வதுதான். அக்காவும் காய்ச்சினார். கால் தணலுக்குக் கிட்டப் போனது அவருக்குத் தெரியவில்லை. கொப்பளித்ததும் தெரியவில்லை. மஞ்சளைப் பூசிக்கொண்டு மலைக்குப் போனார். நாற்றம் வந்த பிறகு பேத்திதான் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, ஒரு விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

விரல் போனதற்கு மிஸ்ஸி போனதுதான் காரணம் என்று நாம் சத்தியம் பண்ண முடியாது. அடுப்பு காரணம், சீனி காரணம், கிளினிக்கை விட்டது காரணம். ஆனால் மூன்று வருடம் அந்தக் காலை மாதாமாதம் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை.

இப்போது எமது ஆட்களில் சிலர் கேட்பதைச் சொல்கிறோம். "ஒரு நோயாளிக்கு ஒரு மிஸ்ஸி என்பது தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுக்கிறவன் கேட்பதல்லவா? இலவச வைத்தியத்தில் அதையெல்லாம் எதிர்பார்க்கலாமா?" என்கிறார்கள். இப்படிக் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகள் பிறந்ததை மறந்துவிட்டார்கள்.

1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு பிரதேசத்தைப் பிரித்து, அந்தப் பகுதிக்கு இன்ன மருத்துவ மாது பொறுப்பு என்று குறித்துக் கொடுக்கும் முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. இன்றைக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்குச் சுமார் 3,000 முதல் 5,000 பேர் கொண்ட ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தப் பகுதியில் கர்ப்பம் தரித்த பெண் யார் என்று அவருக்குத் தெரியும். கர்ப்பிணி கிளினிக் வராவிட்டால் அவர் வாசலில் வந்து நிற்பார். பிள்ளையின் நிறை குறைந்தால் தாயைக் கேள்வி கேட்பார். பிரசவத்தில் தாய் சாவது இலங்கையில் இந்த அளவுக்குக் குறைந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்று உலகமே சொல்கிறது. தோட்டப் பகுதிக்கு இது தாமதித்துத்தான் வந்தது. வந்த பிறகு என்ன மாறியது என்று எமது பாட்டிமாரையும் மருமக்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் தெரியும்.

அந்த மாதுவை நாம் காசு கொடுத்தா வாங்கினோம்? இல்லை. அரசாங்கம் தன் வரிப்பணத்தில் செய்த ஏற்பாடு. வயிற்றில் பிள்ளை இருக்கும் பத்து மாதத்துக்கு எம்மைத் தெரிந்த ஒருவர் இருக்கலாம் என்றால், சாகும்வரை இருக்கப்போகும் சீனி வருத்தத்துக்கு ஏன் ஒருவர் இருக்கக் கூடாது?

தோட்டத்து வைத்தியம் முதலில் எதற்காக வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்திய வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1912 இல் வந்தது. 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. காய்ச்சல், வயிற்றோட்டம், புழு, பிரசவம் என்ற காலம் அது. வருத்தம் வரும், மருந்து கொடுப்பார்கள், ஆள் எழும்பி மீண்டும் மலைக்குப் போக வேண்டும். டிஸ்பென்சரி அதற்காகக் கட்டப்பட்டது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. டிஸ்பென்சரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் எண்ணம் மட்டும் மாறவில்லை. இன்று எமது மக்களைச் சாய்ப்பது ஒரு முறை மருந்து கொடுத்து அனுப்பிவிடும் நோய் அல்ல. வருடக்கணக்கில் கூட இருந்து கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாக எடுக்கும் நோய். அதற்கு மருந்து மட்டும் போதாது. ஆளைத் தெரிந்த ஆள் வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2011 முதல் சுகவாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டு, 35 வயதைத் தாண்டியவர்களுக்கு சீனி, பிரஷர் பார்க்கும் ஏற்பாடு நடக்கிறது. சில பிரதேச வைத்தியசாலைகளில் பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் என்ற பதவியில் ஆட்கள் இருக்கிறார்கள். கிளினிக்கைத் தவறவிட்டவர்களைத் தேடுவது, புத்தி சொல்வது போன்ற வேலைகள் அவர்களுக்குரியவை. நாம் கேட்பதற்கு மிகக் கிட்டிய பதவி இதுதான். அது எமது தோட்டங்களைச் சுற்றியுள்ள எத்தனை வைத்தியசாலைகளில் நிரப்பப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் போய்க் கேட்க வேண்டும். கேட்டால்தான் பதில் வரும்.

ஆட்பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை எல்லாரும் கண்டோம். அவர்களும் தொழிலாளர்கள், அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் நாம் கேட்கும் முதல் காரியத்துக்குப் புது ஆள் தேவையில்லை. ஒரு கிளினிக்கில் 400 நோயாளர், நான்கு தாதியர் என்று வைத்துக்கொள்வோம். இன்று நான்கு பேரும் நானூறு பேரையும் பார்க்கிறார்கள், ஆகவே யாரும் யாரையும் தெரிந்துகொள்வதில்லை. அந்த நானூறு கொப்பியையும் நூறு நூறாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு தாதியின் பெயரை எழுதினால் வேலை கூடுமா? அதே வேலைதான். ஒருவர் லீவு என்றால் பார்க்க இரண்டாவது பெயரும் எழுதலாம். தூரத் தோட்டத்து ஆட்களின் கொப்பிக்கு வேறு நிறத்தில் அட்டை போட்டால் பஸ் பிரச்சினையும் பாதி தீரும். இடமாற்றம் வரும்போது, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒரு கிளினிக்காவது செய்ய வேண்டும். இதற்கெல்லாம் கொழும்பில் இருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியும் தலைமைத் தாதியும் நினைத்தால் நடக்கும்.

ஒதுக்கிய மிஸ்ஸி கடுகடுப்பானவராக இருந்தால் என்ன செய்வது என்று மகளிர் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. ஒருவரிடமே மாட்டிக்கொள்வதும் கஷ்டம்தான். ஏச்சு வாங்கிக்கொண்டு வாயை மூடி வருவதற்கு எமது மக்கள் நன்றாகப் பழக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே மாற்றிக் கேட்கும் உரிமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். காரணம் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது.

மொழியையும் ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பாதித் தமிழ் மிஸ்ஸியைப் போல எல்லாரும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ் பேசும் தாதியர் மலையகத்து வைத்தியசாலைகளுக்கு அதிகம் வேண்டும். அதற்கு எமது பிள்ளைகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும், படிப்பதற்கு விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை கிட்டத்தில் இருக்க வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே இவ்வளவோடு விடுகிறோம்.

கம்பனிகள் பக்கம் வருவோம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாகியது. அதற்குப் பின் எவ்வளவு ஏறினாலும், கிளினிக் நாளில் அது பூச்சியம். மாதத்துக்கு ஒரு பேரை இழந்து, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் இருந்து போட்டு, அதற்குப் பிறகும் கிளினிக் போகிறவர்களைத்தான் நாம் ஒழுங்கில்லாதவர்கள் என்று ஏசுகிறோம். கிளினிக் கொப்பியில் அன்றைய திகதி முத்திரை இருந்தால் அந்த நாளுக்குச் சம்பளம் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். குறைந்தபட்சம், கிளினிக் போனதை வேலைக்கு வராத நாளாக எழுதி மற்றக் கொடுப்பனவுகளில் கை வைப்பதையாவது நிறுத்த வேண்டும்.

எமது பக்கத்துப் பிழைகளையும் மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டம்மாவுக்குக் குளிசை முடிந்துவிட்டது என்று எமது உறையில் இருந்து எடுத்துக் கொடுக்கிறோம். 2022 இல் மருந்து இல்லாதபோது தொடங்கிய பழக்கம் இது, இன்னும் போகவில்லை. அந்த நாட்களில் வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டில் எது மலிவோ அதை மட்டும் வாங்கினோம். டாக்டரிடம் கேட்டு, எதை ஒரு நாளும் விடக் கூடாதோ அதன் பக்கத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தவரும் அந்த மிஸ்ஸிதான். பேரப்பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து மருந்தை மட்டும் எடுத்துவரச் சொல்கிறோம். பிரஷர் பிள்ளைக்கா பார்ப்பார்கள்? போடாத மருந்தைப் போட்டோம் என்று சொல்கிறோம். ஏசுவார்கள் என்ற பயம்தான் காரணம். பழகிய ஒருவர் கேட்டால் அந்தப் பொய் வராது என்பதையும் கண்டிருக்கிறோம்.

இன்னொரு சின்ன விடயம். 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல வேலை. ஆனால் லயத்துக்கு ஏது தனி விலாசம்? எமக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது வேறு கதை. அன்றைக்கு மிஸ்ஸியிடம் தலைவரின் போன் நம்பர் இருந்தது. இருந்தபடியால் யார் யாருக்கு மருந்து வந்திருக்கிறது என்று சொல்லி, ஆபீசில் கிடந்ததை எடுக்க முடிந்தது. அந்த நம்பரும் ஒரு துண்டுக் கடதாசியில்தான் இருந்தது. இப்போது அது எங்கே இருக்கிறதோ தெரியாது.

அக்கா இப்போது மீண்டும் கிளினிக் போகிறார். வேறு செருப்பு, கொஞ்சம் நொண்டல். போன முறை புதிதாக வந்த ஒரு மிஸ்ஸியிடம் தானாகவே செருப்பைக் கழற்றிக் காட்டினாராம். அந்தப் பிள்ளை முதலில் திகைத்துப் போய், பிறகு குனிந்து பார்த்ததாம். "பேர் கேட்டு வச்சிருக்கேன்" என்றார் அக்கா. மருந்து உறைகளின் மூலைகளை இப்போது பேத்தி மடித்துக் கொடுக்கிறாள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது கிளினிக் போகிறவர்கள் எல்லாரும் கொப்பியையும் கொண்டு வாருங்கள். கடைசி ஆறு மாதத்தில் எத்தனை வேறு வேறு கையெழுத்து அதில் இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். போகாமல் விட்ட திகதிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டோம். வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு எழுதும் கடிதத்தோடு அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பப் போகிறோம். மலை ஏற முடியாதவர்கள் கொப்பியைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினாலும் போதும். இந்த ஒரு தடவைக்கு மட்டும்.